ஆரணியில் முதல் சொத்து: மனையா, தறிவீடா?

ஆரணியில் தறியிலும் பட்டு வியாபாரத்திலும் அரிசி ஆலையிலும் மிச்சம் பிடித்த பணம் காலங்காலமாக நகைக்கும் சீட்டுக்கும் நிலத்துக்கும்தான் போய்க்கொண்டிருந்தது. 2022-ல் ஆருத்ரா கோல்டு டிரேடிங் டெபாசிட் மோசடி விவகாரம் வெடித்தது. ஏறத்தாழ ஒரு லட்சம் பேரிடம் 2,438 கோடி ரூபாய் திரட்டப்பட்டதாகப் பொருளாதாரக் குற்றப்பிரிவு சொன்னது. அதன்பின் வட மாவட்டங்களில் டெபாசிட் என்றாலே கை பின்வாங்குகிறது. 'நிலமாவது எங்கேயும் ஓடிப்போகாது' என்று நடுத்தரக் குடும்பங்கள் மண்ணின் பக்கம் திரும்பியிருக்கின்றன. அந்த நம்பிக்கை பாதிதான் உண்மை. நிலம் ஓடாது, ஆனால் அதன்மேல் நமக்கு இருக்கும் உரிமை ஓடிப்போகலாம், போட்ட பணம் பத்து வருடம் அசையாமல் முடங்கலாம்.

பத்துப் பன்னிரண்டு லட்சத்தை வைத்துக்கொண்டு முதல் சொத்து வாங்கப் புறப்படும் ஆரணிக்காரர் முன்னால் பெரும்பாலும் இரண்டு பொருள்கள் வந்து நிற்கின்றன. ஒன்று, வேலூர் சாலையிலோ செய்யாறு சாலையிலோ போளூர் சாலையிலோ புதிதாகப் பிரித்துக் கல் நட்ட மனை. மற்றொன்று, ஊருக்குள் ஏதோ ஒரு நெசவுத் தெருவில், கூடத்தில் குழித்தறி இருந்த அல்லது இப்போதும் இருக்கிற பழைய வீடு. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பவர்கள் குறைவு. மனைக்கு விளம்பரம் இருக்கிறது, வேன் இருக்கிறது, பந்தல் போட்டு மதியச் சாப்பாடு இருக்கிறது. பழைய வீட்டுக்கு இவை எதுவும் இல்லை. தெருமுனையில் யாராவது சொன்னால்தான் விற்பனைக்கு இருப்பதே தெரியும்.

முதலில் மனை. அதற்குள்ள பெரிய நன்மை, அதன் காகிதம் ஓரளவு வெளிச்சத்தில் இருப்பது. இந்த நிலைமை தானாக வந்ததில்லை. விளைநிலத்தை வரப்போடு வரப்பாகத் துண்டு போட்டு, சுண்ணாம்புக் கோடு கிழித்து, எந்த அங்கீகாரமும் இல்லாமல் விற்ற காலம் நெடுங்காலம் நீடித்தது. 2016 செப்டம்பர் 9 அன்று சென்னை உயர் நீதிமன்றம் அங்கீகாரமற்ற மனைகளின் பத்திரப்பதிவுக்குத் தடை விதித்தபோதுதான் அது நின்றது. அதே ஆண்டு அக்டோபர் 20-ஐ எல்லைக் கோடாக வைத்து, அதற்கு முன் விற்ற மனைகளை வரன்முறைப்படுத்த 2017-ல் விதிகள் வந்தன. அதே ஆண்டில், மனை, வீடு விற்பனையை ஒழுங்குபடுத்தும் ரெரா சட்டமும் தமிழ்நாட்டில் நடைமுறைக்கு வந்தது. 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவை ரெராவில் பதியாமல் விளம்பரம் செய்யவே கூடாது. தரகரும் பதிவு பெற்றிருக்க வேண்டும். விற்பனை ஒப்பந்தத்தைப் பதிவு செய்யாமல் விலையில் பத்து சதவீதத்துக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது.

ஆகவே மனை வாங்குபவர் வீட்டில் உட்கார்ந்தே பாதி வேலையை முடிக்கலாம். பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்கம் எடுக்கலாம். வருவாய்த்துறை தளத்தில் பட்டா, சிட்டா, 'அ' பதிவேடு, புலப்படம் நான்கையும் பார்க்கலாம். நகர ஊரமைப்புத் துறை ஒப்புதல் எண்ணையும் ரெரா எண்ணையும் சரிபார்க்கலாம். இவற்றில் 'அ' பதிவேட்டைத்தான் பலர் தவறவிடுகிறார்கள். அந்த நிலம் முதலில் என்னவாக இருந்தது என்பதைச் சொல்வது அதுதான். ஏரி, ஓடை, வாய்க்கால் புறம்போக்கா, கோவில் நிலமா, 1892 அரசாணையின் வழி ஒடுக்கப்பட்ட மக்களுக்கு நிபந்தனையோடு கொடுத்த பஞ்சமி நிலமா என்பதெல்லாம் அங்கேதான் தெரியும். பஞ்சமி நிலத்தை வெளியார் வாங்கினால் எத்தனை பத்திரம் பதிந்திருந்தாலும் அது நிலைக்காது. அதை வாங்குவது சட்டத்துக்கு மட்டுமல்ல, நியாயத்துக்கும் விரோதம்.

ஆனால் மனைக்காரர் விற்பது மண்ணை மட்டுமல்ல. நாளை வரப்போகும் ஏதோ ஒன்றையும் சேர்த்து விற்கிறார். ஆரணியில் அந்த ஏதோ ஒன்று பெரும்பாலும் ரயில். திண்டிவனம்–நகரி பாதை செய்யாறு, ஆரணி, ஆற்காடு வழியாகப் போக வேண்டியது. 2006-07 ரயில்வே பட்ஜெட்டில் அனுமதி பெற்றது. அன்று முதல் 'ஸ்டேஷன் பக்கத்து மனை' என்று சொல்லி விற்றுக்கொண்டிருக்கிறார்கள். இன்னும் ஆரணி ஊருக்குள் ரயில் வரவில்லை. 'ஆரணி ரோடு' நிலையம் களம்பூரில்தான் இருக்கிறது. அந்தப் பேச்சை நம்பி அன்றைக்கு வாங்கியவரின் பிள்ளை இன்று கல்லூரி முடித்திருப்பான். திட்டம் ஒருநாள் முடியும் என்றுதான் நானும் நம்புகிறேன். ஆனால் அதற்கான விலையை இன்றே மனைக்காரருக்குக் கொடுத்துவிட்டால், ரயில் வரும் நாளில் உங்களுக்குக் கிடைக்க என்ன மிச்சம் இருக்கும்?

ரயிலுக்கு அடுத்து செய்யாறு சிப்காட் தொழிற்பேட்டை. அங்கே காலணித் தொழிற்சாலைகள் ஆயிரக்கணக்கான பெண்களுக்கு வேலை கொடுத்திருப்பது உண்மை. சுற்று வட்டாரத்து நிலத்துக்கு விலை ஏறியதும் உண்மை. ஆனால் அதே சிப்காட்டின் மூன்றாம் கட்ட விரிவாக்கத்துக்காக மேல்மா சுற்று வட்டாரக் கிராமங்களில் 3,000 ஏக்கருக்கு மேல் நிலம் எடுக்க முற்பட்டபோது, 2023-ல் விவசாயிகள் மாதக்கணக்கில் போராடினார்கள். அவர்களில் சிலர்மேல் குண்டர் சட்டமும் பாய்ந்தது. நாட்டையே பேச வைத்தது அது. சாப்பாட்டு நிலத்தைக் காக்கப் போராடியவர்களின் வலியோடு முதலீட்டாளரின் நஷ்டத்தை ஒப்பிட முடியாது. ஆனாலும் அந்த ஊர்களின் ஓரத்தில் மனை வாங்குகிறவர், கையகப்படுத்தும் அறிவிப்பு ஏதும் அந்தச் சர்வே எண்ணில் உண்டா என்று வட்டாட்சியர் அலுவலகத்தில் கேட்காமல் பணம் கொடுக்கக் கூடாது. தொழிற்பேட்டைக்குப் பக்கத்தில் இருப்பது லாபம். தொழிற்பேட்டைக்குள் அகப்படுவது வேறு.

மாதத் தவணை மனை பற்றி ஒரு வார்த்தை. எந்த மனை, எந்த எண், யார் பெயரில் பட்டா என்று காட்டாமல் மாதாமாதம் வசூலிப்பவரிடம் போகவே வேண்டாம். நிலம் தருவதாகச் சொல்லி நாடு முழுதும் கோடிக்கணக்கானவர்களிடம் வசூலித்த பிஏசிஎல் நிறுவனத்தின்மீது செபி 2014-ல் நடவடிக்கை எடுத்தது. பணத்தைத் திருப்பித் தர உச்ச நீதிமன்றம் 2016-ல் நீதிபதி லோதா தலைமையில் குழு அமைத்தது. தமிழ்நாட்டுக் கிராமங்களிலும் அதில் பணம் கட்டிவிட்டுக் காத்திருந்தவர்கள் ஏராளம்.

இனி தறிவீடு. நெசவுத் தெரு வீடு குறுகி, நீண்டு இருக்கும். முன்னால் திண்ணை, உள்ளே நீளக் கூடம், கூடத்தில் தறிக்குழி, அதற்கும் பின்னால் அடுப்பங்கரையும் கிணறும். பக்கச் சுவர் பெரும்பாலும் அடுத்த வீட்டுக்கும் பொது. மனையைப் போல் நான்கு பக்கமும் தனித்து நிற்கும் சொத்தல்ல இது. தெருவோடு ஒட்டிப் பிறந்தது. பாவு போட நீளமான தெரு வேண்டும், கூட நாலு கைகள் வேண்டும். ஜக்கார்டு பெட்டி வைக்கக் கூரை உயரம் வேண்டும். இவை அமைந்த வீட்டுக்கு நெசவாளர் வாடகைக்கு வருவார். புது மனைப்பிரிவில் கட்டிய கான்கிரீட் வீட்டுக்கு அவர் வரமாட்டார், வந்தாலும் தறி போட இடம் இருக்காது.

சிக்கல் இங்கே காகிதத்தில் இல்லை, குடும்பத்தில் இருக்கிறது. தாத்தா கட்டிய வீடு. அப்பாவும் சித்தப்பாவும் வாய்மொழியாகப் பாகம் பிரித்துக்கொண்டார்கள். முன் பாதி ஒருவருக்கு, பின் பாதி ஒருவருக்கு. பத்திரம் எதுவும் எழுதவில்லை. வரி ரசீது பெரியவர் பெயரில், மின் இணைப்பு காலமான பாட்டியின் பெயரில். இப்படி இருக்கும் வீட்டை விற்க வருபவர் நல்லவராகவே இருப்பார்; ஆனால் அவர் மட்டும் கையெழுத்துப் போட்டால் போதாது. தமிழ்நாட்டில் 1989 மார்ச் 25 முதலே, அதற்கு முன் திருமணமாகாத மகள்களுக்குக் கூட்டுக் குடும்பச் சொத்தில் மகனுக்குச் சமமான பங்கு உண்டு. 2005-ல் இதே உரிமையைத் தர நாடு முழுதும் சட்டம் திருத்தப்பட்டது. அந்தத் திருத்தம் வந்த நாளில் தந்தை உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்ற அவசியம் இல்லை, பிறப்பிலேயே மகளுக்கு அந்த உரிமை உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2020 ஆகஸ்டில் தெளிவாக்கிவிட்டது. ஆகவே 'அக்காவுக்குக் கல்யாணத்திலேயே சீர் செய்தாச்சு' என்று அண்ணன் தம்பிகள் சொல்வதைக் கேட்டுக்கொண்டு பணம் கொடுத்தால், ஐந்து வருடம் கழித்து அந்த அக்கா நீதிமன்றத்துக்குப் போக முழு உரிமை உண்டு. போவதிலும் தப்பில்லை. அவருடைய பங்கை அவருக்கே கொடுத்து, அவர் கையெழுத்தையும் பத்திரத்தில் வாங்குவதுதான் முறை.

மைனர் பிள்ளையின் பங்கு இருந்தாலும் இதே கவனம் வேண்டும். நீதிமன்ற அனுமதி இல்லாமல் காப்பாளர் விற்றிருந்தால், அந்தப் பிள்ளை மேஜரான பின் மூன்று ஆண்டுக்குள் விற்பனையை எதிர்க்கலாம். வில்லங்கச் சான்று இதையெல்லாம் காட்டாது. பதிவாகாத உயிலும் வாய்மொழிப் பாகமும் நடக்கிற வழக்கும் அதில் வராது. வாரிசுச் சான்று, இறப்புச் சான்று, தாய்ப்பத்திரம், நகர நில அளவைப் பதிவேட்டின் நகல் ஆகியவற்றைச் சேர்த்து உள்ளூர் வழக்கறிஞரிடம் கொடுத்து எழுத்தில் கருத்து வாங்க வேண்டும். அடிமனை கோவிலுடையதா என்ற கேள்வியைத் தனியாகக் கேட்க வேண்டும். பழைய தெருக்களில் கட்டடம் மட்டும் சொந்தமாக, மண் கோவிலுக்கு வாடகை கட்டுவதாக இருப்பதுண்டு. அப்படிப்பட்ட வீட்டில் நீங்கள் வாங்குவது சுவரையும் ஓட்டையும்தான்.

மனைக்கும் தறிவீட்டுக்கும் உள்ள முக்கியமான வேறுபாடு எனக்கு இங்கேதான் தெரிகிறது. மனையின் விவரங்கள் கணினியில் கிடைக்கும். அவை சென்னையில் இருப்பவருக்கும் ஒன்றுதான், உங்களுக்கும் ஒன்றுதான். அந்தப் பந்தலில் உங்களைவிட மனைக்காரருக்கே எல்லாம் தெரியும். தறிவீட்டின் விவரங்கள் தெருவில் இருக்கின்றன. அந்தக் குடும்பத்தில் எத்தனை பேர், யாருக்கும் யாருக்கும் பேச்சு இல்லை, எந்த மகள் எங்கே கட்டிக்கொடுக்கப்பட்டாள், கிணற்றடிச் சுவருக்கு என்ன தகராறு என்பதெல்லாம் ஆரணியில் பிறந்து வளர்ந்தவருக்கு இரண்டு வீடு தள்ளி விசாரித்தால் தெரிந்துவிடும். வெளியூர்ப் பணக்காரருக்கு அது கிடைக்காது. முதல்முறை வாங்குபவரிடம் பணம் குறைவு, அனுபவம் இல்லை. அவரிடம் உள்ள ஒரே பலம் இந்த ஊரறிவுதான். அதைப் பயன்படுத்த முடியாத பொருளில் போய் முதல் பணத்தைப் போடுவானேன்?

வருமானக் கணக்கையும் பார்ப்போம். எண்கள் கணக்குக்காக மட்டும். இரண்டும் 12 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். முத்திரைத்தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், ஆக 1 லட்சத்து 8 ஆயிரம். மனைக்கான செலவு 13.08 லட்சம். இதே பணத்தை வங்கியில் 7 சதவீத வட்டிக்குப் போட்டிருந்தால் ஐந்து ஆண்டில் 18.35 லட்சம் ஆகியிருக்கும். அதாவது சதுர அடி 1,000 ரூபாய்க்கு வாங்கிய 1,200 சதுர அடி மனை ஐந்து ஆண்டில் 1,530-ஐத் தாண்டினால்தான் வங்கியை வென்றதாக அர்த்தம். தரகும் வரியும் அதற்கு மேல். 'ரெண்டு வருஷத்துல டபுள்' என்கிற பேச்சைக் கேட்கும்போது இந்த 1,530-ஐ மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

தறிவீட்டுக்குப் பதிவோடு ஒன்றரை லட்சம் பழுதுபார்ப்பும் சேரும். ஓடு மாற்ற வேண்டும், சுவரில் ஓதம் ஏறியிருக்கும், தறிக்குழியில் மழைக்காலத்தில் ஈரம் கசியும். ஆக 14.58 லட்சம். மாத வாடகை 5,000. ஆண்டில் ஒரு மாதம் காலி, வரி, பழுது எல்லாம் போக 45,000 கைக்கு வரும். ஐந்தாண்டு வாடகையையும் அதன் வட்டியையும் கழித்தால், வங்கிக்கு ஈடுகட்ட வீடு 17.86 லட்சத்துக்கு விலைபோக வேண்டும். மனைக்கும் வீட்டுக்கும் வித்தியாசம் அரை லட்சம்தான். வாடகை வருகிறது என்பதாலேயே வீடு பெரிய லாபம் என்று நினைப்பவர்களுக்கு இது ஏமாற்றமாக இருக்கும். கூட்டிக் கழித்துப் பார்த்தால் இரண்டும் ஏறக்குறைய ஒரே எடை.

ஆனால் மாதாமாதம் வரும் அந்த 5,000 வேறொரு வேலை செய்கிறது. 7 லட்சம் கடன் வாங்கியிருந்தால் 9 சதவீத வட்டியில், பத்து ஆண்டுக்கு மாதத் தவணை சுமார் 8,870 ரூபாய். மனைக்கு அந்தத் தவணை முழுக்கச் சம்பளத்திலிருந்து போக வேண்டும்; வீட்டுக்குப் பாதிக்கு மேல் வாடகையே கட்டும். நிலத்தில் நஷ்டப்படுபவர்கள் பெரும்பாலும் விலை இறங்கியதால் நஷ்டப்படுவதில்லை. ஆஸ்பத்திரிச் செலவோ கல்யாணமோ வந்து, தவணை கட்ட முடியாமல், ஆள் கிடைக்காத நேரத்தில் அவசரமாக விற்பதால்தான் நஷ்டப்படுகிறார்கள். மனையை அவசரத்துக்கு விற்க முடியாது. மனைப்பிரிவில் இன்னும் நாற்பது மனை விற்காமல் கிடக்கும்போது, புது மனையை விற்க ஆளும் வேனும் வைத்திருக்கும் உரிமையாளரோடு நீங்கள் போட்டி போட வேண்டியிருக்கும்.

இதுவரை படித்தவர் நான் தறிவீட்டின் பக்கம் சாய்ந்துவிட்டதாக நினைக்கலாம். சாய்வு இருக்கிறது, ஆனால் எல்லோருக்கும் அல்ல. வாங்குபவரின் சம்பாத்தியம் எங்கிருந்து வருகிறது என்பதைப் பொறுத்து விடை மாறுகிறது. ஆரணிப் பட்டு முகூர்த்தத்தையும் தீபாவளியையும் நம்பி ஓடும் தொழில். ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் இல்லை, கையில் பணப்புழக்கம் இல்லை. பட்டு நூல், ஜரிகை விலை ஏறும்போது கூலி நெசவாளிக்குப் பாவு கிடைப்பது குறையும், வாடகை தள்ளிப்போகும். கூலி நெய்பவரோ, சேலைக் கடை வைத்திருப்பவரோ, ஜரிகை வியாபாரியோ நெசவுத் தெருவில் வீடு வாங்கி நெசவாளருக்கே வாடகைக்கு விட்டால், அவருடைய வருமானம் நிற்கும் அதே மாதத்தில் வாடகையும் நிற்கும். இரண்டும் ஒரே இழையில் தொங்கும். ஆசிரியருக்கோ, போக்குவரத்துக் கழக ஊழியருக்கோ, சிப்காட் சம்பளக்காரருக்கோ அந்தச் சிக்கல் இல்லை.

நெசவுக் குடும்பங்களின் அடுத்த தலைமுறை தறியில் உட்கார விரும்பவில்லை என்பதையும் மறைக்க முடியாது. வாடகைக்கு வரும் நெசவாளி பத்து ஆண்டு கழித்து வருவாரா என்று கேட்டால் என்னால் உறுதி சொல்ல முடியாது. ஒன்றை மட்டும் சொல்லலாம். வாங்கியவுடன் தறியைப் பிடுங்கிவிட்டுக் கூடத்தைக் குடோனாக்கும் முதலீட்டாளர்கள் பெருகினால், பாவு போட ஆள் கிடைக்காமல் மிச்சத் தறிகளும் தெருவை விட்டுப் போகும். அப்போது அந்தத் தெரு வீட்டுக்கென்று தனி மவுசு எதுவும் இருக்காது. குறுகிய, காற்றோட்டமில்லாத இன்னொரு பழைய வீடாகிவிடும். நல்ல நெசவாளி குடியிருந்தால் அவரை வைத்துக்கொள்வது தர்மம் மட்டுமல்ல, உங்கள் வாடகைக்கும் அதுதான் காப்பு. வாடகை ஒப்பந்தத்தை எழுத்தில் போட்டுப் பதிவு செய்துகொள்ளுங்கள். 2019 பிப்ரவரி முதல் நடைமுறையில் உள்ள தமிழ்நாட்டு வாடகைச் சட்டம் அதைக் கேட்கிறது, அது அவருக்கும் பாதுகாப்பு.

இரண்டுக்கும் பொதுவான ஒரு பொறி உண்டு. 'வழிகாட்டி மதிப்புக்குப் பத்திரம் போட்டுக்கலாம், மீதியைக் கையில் கொடுங்க' என்பார்கள். மிச்சமாவது சில ஆயிரம், இழப்பது பெரிது. சொத்துப் பேரத்தில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகக் கைமாறுவதை வருமானவரிச் சட்டம் தடுக்கிறது. பத்திரத்தில் குறைந்த விலை எழுதினால் வங்கிக் கடனும் குறையும். நாளைக்கு நீங்கள் நேர்மையாக முழு விலைக்கு விற்றால், காகிதத்தில் லாபம் பெருத்து, இரண்டு ஆண்டுக்கு மேல் வைத்திருந்த சொத்தாக இருந்தாலும் 12.5 சதவீத வரி அந்தப் பொய் லாபத்துக்கும் சேர்த்து விழும். கொடுத்த விலையை முழுதாக எழுதுங்கள்; காசோலையிலோ வங்கிப் பரிமாற்றத்திலோ கொடுங்கள். பத்து லட்சத்துக்கு உட்பட்ட சொத்தைப் பெண்கள் பெயரில் பதிந்தால் 2025 ஏப்ரல் முதல் பதிவுக் கட்டணத்தில் ஒரு சதவீதம் குறைகிறது. மனைவி அல்லது மகள் பெயரில் வாங்க அதையும் ஒரு காரணமாக வைத்துக்கொள்ளலாம்.

என் முடிவு இதுதான். சம்பளம் பட்டுக்கு வெளியிலிருந்து வருகிறது, ஆரணியிலேயே வசிக்கிறீர்கள், விற்கும் குடும்பத்தின் எல்லா வாரிசும் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு நேரில் வரச் சம்மதிக்கிறார்கள் என்றால் தறிவீட்டை வாங்குங்கள். ஒருவர் வர மறுத்தாலும் விட்டுவிடுங்கள். அடுத்த தெருவில் இன்னொன்று வரும். பட்டுத் தொழிலில் இருப்பவர் மனையையே வாங்கட்டும். ஆனால் பந்தலில் விற்கும் புது மனையை அல்ல. ஏழெட்டு ஆண்டுக்கு முன் பிரித்து, வீடுகள் கட்டி, தெருவிளக்கு எரிந்து, குடும்பங்கள் குடியிருக்கும் அங்கீகரித்த மனைப்பிரிவில், முதல் கை வாங்கியவர் விற்கும் மனையை வாங்கட்டும். விலை சற்றுக் கூடுதலாகத் தெரியும். ஆனால் சாலை வந்ததா, தண்ணீர் வந்ததா என்பது கண்முன்னே இருக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஒருமுறை நேரில் போய், தண்ணீர் எங்கே தேங்குகிறது என்று பார்த்துவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள்.